யாரோ தின்னப்போகிற மரம்

ரவுண்ட் ராக் என்ற பெயர் ஒரு கல்லிலிருந்து வந்தது. பிரஷி கிரீக் ஓடையின் நடுவே மேசைபோல நிற்கும் சுண்ணாம்புக்கல் அது. வண்டிகளோடும் மாட்டு மந்தைகளோடும் வந்தவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துத் தண்ணீரின் ஆழத்தைக் கணித்து ஓடையைக் கடந்தார்கள். சக்கரங்கள் தேய்த்த தடம் ஓடைப் பாறையில் இன்றும் தெரிகிறது. 1854இல் ஊருக்கு அந்தக் கல்லின் பெயர் வந்தது. கடந்து போகிறவர்களின் அடையாளம் ஓர் ஊரின் பெயராகிவிட்டது. விசா முத்திரைகளோடு இங்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்லையில் ஒரு பெக்கான் மரம் வைக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். மனைவி கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒட்டுக்கன்னா இருந்தாலும் நல்லாக் காய்க்க எட்டு வருஷம் ஆகுமாம். அப்ப நாம இங்க இருப்போமாங்க?”

என்னிடம் பதில் இல்லை. பச்சை அட்டை வரிசையில் எங்கள் பெயர் எங்கோ இருந்தது. வேலை போனால் அறுபது நாள். அவள் கேட்டது தோட்டக்கலை பற்றிய கேள்வி அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நாம் தங்குவோமா என்று தெரியாத மண்ணில், நாம் தின்போமா என்று தெரியாத மரத்தை நட வேண்டிய கடமை நமக்கு உண்டா? உண்டென்றால் எந்த மரத்தை?

ஊரில் இதற்குப் பதில் தயாராக இருந்தது. தாத்தா வைத்த மாமரத்தில் பேரன் கல்லெறிவான். பேரன் வைப்பதை அவன் பேரன் தின்பான். நடுவதற்கான காரணம் உறவுக்குள்ளேயே இருந்தது. புலம்பெயர்ந்தவனுக்கு அந்தச் சங்கிலி இரண்டு பக்கமும் அறுந்திருக்கிறது. இந்த மண்ணில் என் தாத்தா எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. என் மகள் எந்த மாநிலத்தில் படிப்பாள், எங்கே வாழ்வாள் என்பது அவளுக்கே தெரியாது. என்றாவது இந்த வீடு விற்கப்படும். பேரனுக்காக நடுகிறேன் என்று நான் இங்கே சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

இந்தக் கேள்வியை யோசிக்க எனக்கு உதவியவை இரண்டு புயல்கள்.

முதலாவது என் ஊரில் அடித்தது. பேராவூரணிப் பக்கம் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. என் சிறுவயதில் அதில் மா, பலா, புளி எல்லாம் கலந்து நின்றன. தேங்காய் விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் மற்றவற்றை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டுத் தென்னையை மட்டும் வைத்தார். ஊரே அப்படித்தான் செய்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது. டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. எங்கள் தோப்பில் நூற்றைம்பது மரங்களில் பதினொன்று நின்றன. வரப்பில் வெட்டாமல் விட்டிருந்த பனைகள் அசையவில்லை.

பத்து நாள் விடுப்பில் போனேன். அப்பா விழுந்த மரமொன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். “காத்து மேல கோவமில்ல தம்பி. தென்னைய மட்டும் வெச்சதுதான் என் தப்பு” என்றார். அடுத்த மழைக்குத் தென்னையோடு பலா, நெல்லி, எலுமிச்சை, முருங்கை என்று கலந்து வைத்தார். வேலியோரம் புளியங்கன்று வைத்தார். எழுபத்தொரு வயதில் புளி. அது காய்ப்பதைத் தான் பார்க்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் திரும்பி வந்து அதை உலுக்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

இரண்டாவது புயல் இங்கே. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தது. வெப்பநிலை பாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. மாநிலம் முழுவதும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைகளில் அலமாரிகள் காலியாகிவிட்டன. கராஜில் சூடேற்றியின் முன்னால் வைத்திருந்த என் மாவும் கறிவேப்பிலையும் மின்சாரம் போன முதல் இரவிலேயே கருகின. நாலாம் நாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி பனியில் மெல்ல நடந்துவந்து ஒரு பை நிறையப் பெக்கான் கொட்டை கொடுத்துவிட்டுப் போனார். அவர் கொல்லை மரத்தில் காய்த்தவை. எரிவாயு அடுப்பு எரிந்தது. வறுத்து, வெல்லம் சேர்த்துத் தின்றோம்.

அந்தக் கொட்டைகள் எங்கள் உயிரைக் காப்பாற்றவில்லை. வீட்டில் அரிசியும் பருப்பும் இருந்தன. ஆனால் பிறகு நன்றி சொல்லப் போனபோது பாட்டி சொன்ன ஒரு செய்தி என்னை விடவில்லை. அந்த மரத்தை அவர் நடவில்லை. அவர் வீடு வாங்கும்போதே அது அங்கே நின்றது. யார் வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. வைத்தவருக்கு அவரையும் தெரியாது, என்னையும் தெரியாது. தான் வைத்த மரத்தின் காயை ஒருநாள் பேராவூரணிக்காரன் ஒருவன் வெல்லம் போட்டுத் தின்பான் என்று அந்த மனிதர் நினைத்திருக்க வழியில்லை.

உறவு என்ற காரணம் போனபின்னும் மீதி நிற்கிற காரணத்தை அன்று பார்த்தேன். அடுத்து இந்த இடத்தில் வாழப்போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கும் பசிக்கும். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் எந்த மரத்தை வைப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. வரப்போகிறவர் மருந்தடிப்பாரா, குளிர்காலத்தில் தொட்டியை உள்ளே தூக்கிவைப்பாரா என்று சொல்ல முடியாது. ஆகவே, நான் போனபிறகும் என் தயவில்லாமல் வாழக்கூடிய மரங்களை மட்டுமே அவருக்காக நான் வைக்க முடியும்.

ரசாயனம் இல்லாமல் வளர்ப்பது என்பதையும் இப்படித்தான் புரிந்துகொண்டேன். நட்டபிறகு தெளிப்பானைத் தொடமாட்டேன் என்று விரதம் எடுப்பது ஒரு வகை. அந்த விரதத்தோடு இங்கே பீச் மரம் வைத்தால் வண்டும் அழுகல் நோயும் தின்றது போக நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். முடிவு நடும் முன்பே எடுக்கப்பட வேண்டும். அத்தி, மாதுளை, பெர்சிமன், சீன இலந்தை ஆகியவை இந்த ஊரில் பெரும்பாலும் மருந்து கேட்பதில்லை. இலந்தை தாமதமாகத் துளிர்ப்பதால் கடைசிப் பனியிலிருந்தும் தப்பிவிடுகிறது. ரவுண்ட் ராக்கின் ஒரு பகுதி எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு மழைநீர் இறங்கும் பாறையின் மேல் இருக்கிறது. நகரின் குடிநீரில் ஒரு பங்கு அந்தத் தேக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இங்கே புல்தரையில் நாம் கொட்டுவது யாரோ ஒருவரின் குவளைக்குப் போகக்கூடும்.

ஆனால் இதில் தூய்மை பேச எனக்கு உரிமை குறைவு. நெடுஞ்சாலை 35க்கு மேற்கே சுண்ணாம்புப் பாறை, கிழக்கே கரிசல். இரண்டும் காரத்தன்மை கொண்ட மண். இதில் பெக்கானுக்குத் துத்தநாகம் கிடைப்பது சிரமம். பெரிய கொட்டை தரும் ஒட்டு ரகங்களுக்கு இளம்வயதில் துத்தநாகக் கரைசல் தெளிக்கத்தான் சொல்கிறார்கள். அது பூச்சிக்கொல்லி இல்லை; என்றாலும் மரம் நம் கையை எதிர்பார்க்கிறது. காட்டுப் பெக்கான் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்கிறது, கொட்டை சிறியது, ஓடு தடித்தது. மாதச் சம்பளம் வாங்குகிற நான் சிறிய கொட்டை போதும் என்று சொல்லலாம். தேங்காய் விற்று வங்கிக் கடன் கட்டிய அப்பா யூரியாவும் வண்டு மருந்தும் போட்டார். அவரிடம் போய் இதை உபதேசிக்க எனக்கு வாய் வராது. ரசாயனம் வேண்டாம் என்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர்கள் முதலில் கொடுப்பதுதான் நியாயம்.

பலவகை மரங்கள் என்பதும் அலங்காரத்துக்கான சொல் அல்ல. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை ஒருகாலத்தில் பழனி மலைச்சரிவுகளில் பரவியிருந்தது. முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதி அழிந்தது. ஒன்றையே நம்புகிறவன் அடுத்து வரப்போவது காற்றா, குளிரா, நோயா என்று தனக்குத் தெரியும் என நினைக்கிறான். கலந்து வைக்கிறவன் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். 2021இல் எங்கள் தெருவில் ஆரஞ்சு வகைகள் செத்தன. அத்தி தரைமட்டம் வரை கருகி, வேரிலிருந்து திரும்ப வந்தது. இலந்தையும் பெக்கானும் எதுவும் நடக்காததுபோல ஏப்ரலில் துளிர்த்தன. பெக்கானில் இன்னொரு விஷயமும் உண்டு. சில ரகங்களில் ஆண்பூ முதலில் மகரந்தம் உதிர்த்துவிடும். சிலவற்றில் பெண்பூ முதலில் தயாராகிவிடும். ஆகவே ஒரு மரம் நன்றாகக் காய்க்க, வேறு வகை மரம் ஒன்று காற்றெட்டும் தூரத்தில் வேண்டும். என் மரம் காய்க்கப் பாட்டியின் மரம் தேவை.

உணவுப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லை இதற்குப் பயன்படுத்தலாமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. கணக்குப் பார்த்தேன். வளர்ந்த பெக்கான் ஒரு நல்ல ஆண்டில் ஓட்டோடு இருபது கிலோ தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பருப்பு பத்துக் கிலோ. நூறு கிராமுக்குச் சுமார் 690 கலோரி என்றால் மொத்தம் 69,000. ஒருவருக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான சாப்பாடு. அதுவும் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறையும். அணில்கள் தங்கள் பங்கை எடுத்தபிறகு கணக்கு இன்னும் சுருங்கும். ஒரு கொல்லை ஊருக்குச் சோறு போடாது.

ஆனால் அமர்த்தியா சென் 1981இல் எழுதிய வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் காட்டியது வேறொன்று. பஞ்சத்தில் மக்கள் சாவது பெரும்பாலும் ஊரில் உணவு இல்லாததால் மட்டுமல்ல. இருக்கும் உணவைப் பெறும் உரிமையும் வழியும் அவர்களிடம் இல்லாததால். உறைபனி வாரத்தில் எங்கள் கடைகள் மூடிக்கிடந்தன, அட்டை தேய்க்கும் கருவிகள் நின்றுபோயின. பணம் இருந்தும் வழி இல்லை. அப்போது வேலிக்கு மேலாக ஒரு பை வந்தது. மரத்திலிருந்து வந்த கலோரியைவிட, விலை கேட்காமல் கொடுக்கக்கூடிய ஒரு பொருள் பக்கத்து வீட்டில் இருந்தது என்பதே முக்கியம். மின்தடையில் அது கெடவும் இல்லை.

இனி கறிவேப்பிலை. அதை நான் விடவில்லை, கருகியபின் வேறொரு கன்று வாங்கினேன். ஆனால் அது என்ன என்பதில் இப்போது தெளிவாக இருக்கிறேன். அது என் ஏக்கம். எலுமிச்சை வகைகளுக்குப் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி ஒன்று கறிவேப்பிலையில் விரும்பித் தங்குகிறது. 2012இல் அந்த நோய் தெற்கு டெக்சாஸின் ஆரஞ்சுத் தோப்புகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊரிலிருந்து பையில் மறைத்துக் கொண்டுவரும் ஒரு குச்சி இன்னொருவரின் தோப்பை அழிக்க முடியும். நம் அன்பும் சில நேரம் பிறருக்குக் கேடாகலாம். ஆகவே உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்கி, தொட்டியில் மட்டும் வைத்திருக்கிறேன். மண் வரப்போகிறவருக்கு.

அந்த மண்ணும் முதலில் என்னுடையதில்லை. 1528இல் கப்பல் உடைந்து டெக்சாஸ் கரையில் ஒதுங்கிய ஸ்பானியர் கபேசா தெ வாக்கா, இங்குள்ள மக்கள் கொட்டைப் பருவத்தில் ஆற்றங்கரைக்கு வந்து அதையே தின்று வாழ்ந்ததையும், மரங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்த்ததையும் எழுதிவைத்தார். பெக்கான் என்ற சொல்லே பழங்குடி மொழியிலிருந்து வந்தது. மத்திய டெக்சாஸில் திரிந்த டோங்காவா மக்கள் 1859இல் மாநிலத்தைவிட்டே அகற்றப்பட்டார்கள். 1906இல் இறந்த முன்னாள் ஆளுநர் ஹாக், தன் கல்லறையின் தலைமாட்டில் பெக்கானும் கால்மாட்டில் வால்நட்டும் வைத்து, அவை காய்த்ததும் சாதாரண மக்களுக்கு விதையாகக் கொடுக்கச் சொன்னார். 1919இல் பெக்கான் மாநில மரமானது. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது யாருடைய மரமாக இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். நான் இந்த வரிசையில் கடைசியாக வந்தவன். கொடுப்பவனாக என்னைப் பெரிதாக எண்ணிக்கொள்ள இடமில்லை.

சென்ற ஜனவரியில் ஒரு காட்டுப் பெக்கான் கன்று, இரண்டு இலந்தை, ஒரு பெர்சிமன், ஒரு அத்தி, ஒரு மாதுளை வைத்தேன். இலந்தையைப் பார்த்ததும் மகளுக்கு ஊரில் பாட்டி வாங்கித் தந்த இலந்தைவடை நினைவு வந்தது; சீன இலந்தையும் நம் இலந்தையும் ஒன்றுவிட்ட சொந்தம்தான் என்றேன். நடைபாதையில் பழம் விழக்கூடாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அத்தியைக் கொல்லைப் பக்கம் மாற்றினேன். பெக்கான் குழியை வெட்டும்போது அரை அடியில் சுண்ணாம்புக்கல் இடித்தது. மனைவிதான் கடப்பாரை எடுத்து வந்தாள். எட்டு வருஷக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

அன்று இரவு ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, தண்ணீர் சூடேற்றியின் கையேடு இருக்கும் சமையலறை இழுப்பறையில் வைத்தேன். எந்த மரம் எங்கே நிற்கிறது, எப்போது காய்க்கும், எந்த மாதம் பொறுக்க வேண்டும். கீழே ஒரு வரி: மருந்து எதுவும் அடிக்க வேண்டியதில்லை, காய்த்தால் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.