கரையில் நிற்பவரின் கடன்

மின்னலைப் படம் பிடிப்பது எப்படித் தெரியுமா? பார்த்தவுடன் பட்டனை அமுக்கினால் கிடைக்காது. மின்னல் கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், விரலுக்குத் தகவல் வருவதற்குள் கதை முடிந்திருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, இருட்டு வானத்தைப் பார்க்க வைத்து, ஷட்டரை 10, 20 விநாடி திறந்தே வைத்துவிடுவார்கள். அதற்குள் மின்னினால் படம். மின்னாவிட்டால் வெறும் கறுப்பு. மறுபடி திறக்க வேண்டியதுதான். கிட்டத்தட்ட தூண்டில் போடுகிற மாதிரி.

இது வெட்டி வேலை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் ஓவியர்கள் மின்னலை கோணல்மாணலாக, ரம்பப் பல் மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். 1882-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் மின்னலைப் படமெடுத்தார். அது மரத்தின் வேர் போலக் கிளை பிரிந்து ஓடுகிறது என்பதைப் புகைப்படம் காட்டிக் கொடுத்தது.

நான் கேட்க வருவது வேறு. அழகு என்று நீங்கள் படமெடுக்கிற மின்னலுக்குக் கீழே இன்னொருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தால், உங்கள் ரசனை நியாயமா?

புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது நல்லவாடு. மீனவர் ஊர். ஆவணி, புரட்டாசியில் மேற்கே உள்நாட்டில் திரளும் இடிமேகம், பல நாள் ராத்திரியில் கடல் பக்கம் நகர்ந்து போகும். கரையிலிருந்து பார்த்தால் வானத்தைக் கிழித்துக் கிழித்துத் தைக்கிற மாதிரி இருக்கும். அந்தப் படத்தின் அடியில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்திருந்தால், அது ஒரு படகின் விளக்காக இருக்கலாம். சுற்றிலும் தட்டையான கடல். அங்கே உயரமான பொருள் அந்தப் படகும், அதில் நிற்கிற ஆளும்தான். உங்களுக்கு அது படத்துக்கு அழகு சேர்க்கும் புள்ளி. அவர் வீட்டில் இருப்பவர்களுக்கு?

இந்தச் சங்கடம் புதிதல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரிக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதைத் தொட்டிருக்கிறார். கடலில் ஒருவர் புயலில் தத்தளிப்பதைக் கரையிலிருந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்றார். அடுத்தவர் கஷ்டம் இனிக்கிறது என்று அர்த்தமில்லை. நாம் அதில் மாட்டவில்லையே என்ற நிம்மதிதான் அந்தச் சுகம் என்று விளக்கமும் கொடுத்தார். 1790-ல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம் வந்தார். இடியும் மின்னலும் நம்மைப் பிரமிக்க வைக்க வேண்டுமானால், நாம் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இரண்டும் சரிதான். ஆனால், தூரம் நமக்குத் தருவது சுகம் மட்டும்தானா?

இதற்கு நல்லவாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. சுனாமி. இந்த ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். கடல் செய்தி அவருக்கு எட்டியது. உடனே ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. ஊரே மேட்டுக்கு ஓடியது. வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

கவனியுங்கள். ஆபத்து கரையில் இருந்தவர்களுக்கு. அது முதலில் தெரிந்ததோ தூரத்தில், பத்திரமாக இருந்தவருக்கு. அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்து ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. தூரத்தில் இருப்பது ஒரு வசதி. அந்த வசதியை அவர் அடுத்தவருக்காகச் செலவு செய்தார்.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதாமல் கணக்கு முடியாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்திரமான இடத்திலிருந்து கிடைக்கிற ரசனை, வரவு. அதற்கு எதிரே எழுத வேண்டிய பற்று, சொல்ல வேண்டியவருக்குச் சொல்வது.

‘படகுக்காரருக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்? வானம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியுமே!’ என்பீர்கள். நியாயம். அவரை விடுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கிறார்களே, அவர்கள்?

திறந்த கடற்கரையில் ஸ்டாண்டை நிறுத்தி கேமராவை மாட்டிப் பாருங்கள். அஞ்சு நிமிஷத்தில் நாலு பையன்கள் வந்து நிற்பார்கள். ‘இந்த அண்ணனே நிற்கிறாரு, ஒண்ணும் ஆகாது’ என்று நினைப்பார்கள். ‘என் உயிர், என் இஷ்டம்’ என்ற வாதம் அந்த இடத்தில் செத்துப்போகிறது. நீங்கள் வாயே திறக்காவிட்டாலும், நிற்பதன் மூலம் ஒரு உத்தரவாதம் கொடுக்கிறீர்கள். வங்கியில் ஜாமீன் கையெழுத்து போடுகிற மாதிரி.

2021 ஜூலை 11 அன்று, ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை எதிரே உள்ள காவல் கோபுரத்தில் மின்னல் விழுந்து 11 பேர் இறந்தார்கள். பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. செல்போன் மின்னலை இழுக்கிறது என்று உடனே பேச்சு கிளம்பியது. போன் இழுப்பதில்லை. மழையில், உயரமான திறந்த இடத்தில் நிற்க வைத்ததுதான் வினை. ஒருவர் நின்றால் பத்துப் பேர் நிற்பார்கள். நம் நாட்டில் 2022-ல் மட்டும் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் பெரும்பாலோர் ரசிக்கப் போனவர்கள் இல்லை, வயலில் வேலைக்குப் போனவர்கள்.

இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லச் சொல்வார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இன்றைக்கு அதோடு சேர்த்து எண்ணவும் கற்றுக்கொள்ளலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் வந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெளியே நிற்கக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்தோ, கதவு மூடிய காருக்குள்ளிருந்தோ எடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும், பிறகு வெளியே வரலாம்.

மின்னலை ரசியுங்கள், தாராளமாகப் படமெடுங்கள். ஆனால் ஸ்டாண்டை மடக்கி காருக்குள் ஏறும்போது, பின்னால் நின்று வேடிக்கை பார்த்த பையன்களிடம் ‘தம்பிகளா, வீட்டுக்கு ஓடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். படம் எப்படி வந்திருக்கிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.