கய்போத்தின் உயில்

1876 நவம்பரில், பாரிஸில், இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் உயில் எழுதினார். தம்பி இறந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. தனக்கும் ஆயுள் அதிகமில்லை என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் ஓவியர் குஸ்தாவ் கய்போத். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு, மோனே, ரெனுவார், பிஸாரோ, சிஸ்லே ஆகிய நண்பர்களின் விலைபோகாத படங்களை வாங்கிச் சேர்த்துவந்தவர். அவை எல்லாம் அரசுக்கு என்று எழுதினார். ஆனால் பரணில் போடக் கூடாது, வெளியூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பக் கூடாது. முதலில் லக்சம்பர்க் அருங்காட்சியகத்திலும் பிறகு லூவரிலும் வைக்க வேண்டும். மக்கள் இவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை, ஒப்புக்கொண்டால் போதும் என்றார். அதற்கே இருபது ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்றும் எழுதிவைத்தார்.

அவ்வளவு காலம் எதற்கு?

1874 ஏப்ரல் 15 அன்று கப்புசின் பெருந்தெருவில், புகைப்படக் கலைஞர் நாதாரின் பழைய நிலையத்தில், இந்த நண்பர்களின் முதல் கண்காட்சி தொடங்கியது. அரசு நடத்திய சலோன் கண்காட்சியின் நடுவர்கள் பலமுறை ஒதுக்கித் தள்ளியதால், சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தினார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். ஒரு மாதத்தில் சுமார் 3,500 பேர் வந்தார்கள். பலர் வந்தது சிரிக்கத்தான். லூயி லெருவா என்ற விமர்சகர் மோனேயின் ‘மனப்பதிவு, சூரியோதயம்’ என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்ய, அதுவே இம்ப்ரெஷனிசம் என்ற பெயராக நிலைத்த கதை எல்லோரும் அறிந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அங்கிருந்த மோனேயின் இன்னொரு படம். அந்தக் கட்டடத்தின் மாடியிலிருந்தே கீழே தெரிந்த பெருந்தெருவை அவர் வரைந்திருந்தார். நடமாடும் மனிதர்கள் சிறு கறுப்புத் தீற்றல்களாக இருந்தார்கள். முகமோ விரல்களோ கிடையாது. லெருவாவின் கட்டுரையில் வரும் கற்பனை ஓவியர், தெருவில் நடக்கும்போது நானும் இப்படித்தான் இருக்கிறேனா என்று கொதிக்கிறார். ஆமாம், மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறோம். சந்தேகம் வந்தவர்கள் சாளரத்தருகே போய் எட்டிப் பார்த்திருந்தால் போதும். படத்தில் இருந்த தெரு வெளியே அப்படியே கிடந்தது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதனுக்கு மூக்கும் சட்டைக்குப் பொத்தானும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்; தெரிந்தது, பார்ப்பதை மறைத்துவிட்டது. இரண்டாம் கண்காட்சியில், இலைகளின் ஊடே வெயில் விழும் ஒரு பெண்ணுடலை ரெனுவார் வைத்தார். தோலின்மேல் தெரிந்த பச்சையையும் ஊதாவையும் கண்ட ஆல்பெர் வோல்ஃப், அது அழுகும் சதை என்று ‘ஃபிகாரோ’ இதழில் எழுதினார். மரத்தடியில் நிற்கும் எவர் தோளிலும் அந்தப் பச்சை விழுகிறது. பழைய படங்களில் அது இல்லாததால், கண் முன்னே இருந்தும் அது இல்லாமலே போயிற்று.

அந்தக் கண் பழகுவதற்கு ஆன காலத்தை யாரோ சிலர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வணிகர் போல் துராந்-ருயேல் கடனில் மூழ்கியும் இந்தப் படங்களை வாங்குவதை விடவில்லை. 1886-இல் ஏறக்குறைய 300 படங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே வாங்க ஆள் கிடைத்தது. 1891-இல் அவர் காட்சிக்கு வைத்த மோனேயின் வைக்கோல்போர்ப் படங்கள் சில நாள்களில் விற்றுப்போயின. சிஸ்லேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போர்-மார்லி வெள்ளத்தை அவர் வரைந்த படம் முதலில் 180 பிராங்குக்குப் போனது. அவர் வறுமையிலேயே 1899 ஜனவரியில் இறந்தார். மறு ஆண்டு அதே படம் 43,000 பிராங்குக்கு ஏலம் போனது.

புரிந்த பிறகுதான் எதையும் ஒப்புக்கொள்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். கய்போத்தின் உயில் இதைத் தலைகீழாகச் சொல்கிறது: சுவரில் முதலில் இடம் கொடுங்கள், புரிவது பின்னால் வரட்டும். புதியதைப் பார்க்கும் கண், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உருவாகிறது. இடமே கொடுக்காமல் புரியவில்லை என்பது எந்தக் காலத்திலும் நியாயமான தீர்ப்பாகாது.

கய்போத் 1894-இல், 45 வயதில் காலமானார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ரெனுவாருடையது. கல்விக்கழக ஓவியர்கள் கூச்சலிட்டார்கள். இழுபறி இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் ஏறக்குறைய நாற்பதை மட்டும் அரசு ஏற்றது. 1897-இல் அவை லக்சம்பர்க் சுவரில் ஏறின. அவர் கணித்த இருபது ஆண்டு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. மீதிப் படங்களைக் குடும்பத்தார் 1904-இலும் 1908-இலும் மறுபடி கொடுக்க முன்வந்தார்கள். அரசு வேண்டாம் என்றது. 1928-இல் அரசே கேட்டபோது குடும்பம் தர மறுத்துவிட்டது. அப்படித் தள்ளப்பட்டவற்றுள் ஒன்று, குளித்து இளைப்பாறும் ஆண்களை செசான் வரைந்த படம். இன்று அது அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவின் பார்ன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.