மறதி குற்றமாகுமா?

மறத்தல் மனித இயல்பு. எனினும், மறந்தவனைக் குற்றவாளியாகக் காண்பது நமது வழக்கமாகிவிட்டது. மனமிருந்தால் மறந்திருப்பானா என்னும் வினாவை வீட்டிலும் பாடசாலையிலும் அடிக்கடி கேட்கின்றோம். நினைவு அன்பின் அளவுகோல், மறதி அசட்டையின் அடையாளம் என்னும் கொள்கை அவ்வினாவினுள் மறைந்து கிடக்கின்றது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்க நிலையை முன்வைத்து அக்கொள்கையின் நியாயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள உடையார்கட்டிலே ஒரு சிறுவன் வாழ்வதாகக் கொள்வோம். கடையிற் சீனி வாங்கவேண்டும். வரும் வழியில் மாமி வீட்டில் மண்வெட்டியைக் கொடுக்கவேண்டும். வந்ததும் அம்மம்மாவுக்கு மதியக் குளிகையை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று தாய் மூன்று வேலைகளைச் சொல்கிறாள். அவன் விருப்புடனேயே புறப்படுகிறான். சீனி வந்து சேர்கிறது. மண்வெட்டி கடை வாசலிலேயே கிடக்கிறது. குளிகையின் நேரமோ கடந்துவிடுகிறது. அதே சிறுவன் சென்ற மாதத்துத் துடுப்பாட்டப் போட்டியின் ஓட்டங்களைப் பிழையின்றிச் சொல்கிறான். ஆதலால், இவனுக்கு ஞாபகம் உண்டு, அக்கறைதான் இல்லை என்று தாய் முடிவு செய்கிறாள்.

தாயின் முடிவு இயல்பானதே, ஆனால் பிழையானது. செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியவற்றைச் சில கணங்கள் மனத்திலே தாங்கிப் பயன்படுத்தும் ஆற்றலை உளவியலார் தொழிற்படு நினைவு என்பர். அலன் பாட்லி, கிரகம் ஹிச் ஆகிய இருவரும் 1974இல் இதன் அமைப்பை விளக்கினர். சராசரி மனிதர் இதில் ஏறத்தாழ நான்கு விடயங்களையே ஒருங்கே தாங்கலாம் என 2001இல் நெல்சன் கோவன் காட்டினார். நெடுநாள் நினைவு இதனின்றும் வேறானது. ஓட்ட எண்ணிக்கை நெடுநாள் நினைவில், ஆர்வத்தினாற் பதிந்தது. மூன்று வேலைகளோ, வழியில் எதிர்ப்படும் காட்சிகளுக்கும் ஓசைகளுக்கும் நடுவே தொழிற்படு நினைவினால் தாங்கப்படவேண்டியவை. கவனக்குறைவு நிலையுடையோர் எல்லோரிடமும் அன்றெனினும், பலரிடம் இவ்வாற்றல் தளர்ந்திருக்கின்றது. உடையார்கட்டுக் குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசி வயலுக்கு நீர் எட்டாது. அதற்காகக் குளத்தை வற்றிய குளம் என்று யாரும் சொல்வதில்லை.

மருத்துவமும் தொடக்கத்தில் இதனை ஒழுக்கக் கண்கொண்டே நோக்கிற்று. 1902இல் இலண்டனில் உரையாற்றிய ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் வைத்தியர், அறிவுக் குறைவில்லாத சில சிறுவரிடம் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு காணப்படுவதாக விவரித்தார். இன்று அது, பெரும்பாலும் பரம்பரை வழி வரும் நரம்பு வளர்ச்சி வேறுபாடாகக் கொள்ளப்படுகிறது.

திருக்குறளில் பொச்சாவாமை என 54ஆம் அதிகாரம் ஒன்று உண்டே எனச் சிலர் வினவலாம். அங்கே வள்ளுவர் கடிவது, உவகை மிகுதியாற் கடமையை மறக்கும் சோர்வினை ஆகும். தாங்கும் ஆற்றல் இருந்தும் தாங்காது விட்டவனுக்கே அக்கண்டனம் பொருந்தும். செய்யவேண்டும் என்று கட்டளையிடுமிடத்துச் செய்யக்கூடும் என்பதும் அடங்கியுள்ளது என்னும் கான்றின் கருத்தும் இதனையே வலியுறுத்துகின்றது.

ஆயின், இத்தகையோருக்குப் பொறுப்பே இல்லையா? அம்மம்மாவின் குளிகை தவறியது தவறியதே. காரணம் எதுவாயினும் துன்பம் அவளுடையது. ஆதலின் பொறுப்பு அழிவதில்லை. அது இடம் மாறுகிறது. மறந்த கணத்தில் அவனைத் தேடிப் பயனில்லை. மறவாதிருக்க முன்கூட்டியே செய்யும் ஏற்பாட்டிலேதான் பொறுப்பு இருக்கிறது. வேலைகளை எழுதிக்கொள்வதும், குளிகையைச் சோற்றுக் கோப்பையருகே வைப்பதும், கைபேசியில் மணி வைப்பதும் அவன் கற்கவேண்டிய கடமைகள். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்வது தாயின் கடமை. வீட்டு வேலையை வாயாற் சொல்லி விடாது கரும்பலகையில் எழுதுவது ஆசிரியரின் கடமை. வன்னி விவசாயிகளுக்கு இது புதிய தத்துவமன்று. துருசு திறக்கும் நாளை அவரவர் ஞாபகத்துக்கு விட்டுவிடாமல், போகத்துக்கு முன்னரே பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்பவர்கள் அவர்கள். நீருக்குச் செய்யும் ஏற்பாட்டைப் பிள்ளைக்குச் செய்வது சலுகையாகுமா?

இம்மண்ணில் மற்றொன்றையும் மறக்கலாகாது. 2009 ஜனவரியில் அரசு பாதுகாப்பு வலயமென அறிவித்த பகுதியில் உடையார்கட்டும் அடங்கியிருந்தது; அங்கும் எறிகணைகள் வீழ்ந்தன. வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் விரிவாக எழுதினார். மனவடுவும் உறக்கமின்மையும்கூடக் கவனத்தையும் நினைவையும் குலைக்கும். கவனக்குறைவு நிலையின் அறிகுறிகளோ பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றி, வீடு, பாடசாலை எனப் பல இடங்களிலும் தொடர்வன. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே, மறப்பவரையெல்லாம் ஒரே பெயரால் அழைப்பது தவறு. பிரித்தறிவது வைத்தியரின் பணி. ஆனால், ஏச்சை நிறுத்துவதற்கு வைத்தியரின் சான்றிதழ் தேவையில்லை.

மறந்து வந்த பிள்ளையிடம் ஏன் மறந்தாய் என்று கேட்டால், அவனிடம் விடையில்லை, தலைகுனிவே உண்டு. எந்த இடத்தில் தவறிற்று என்று கேட்டால், கடை வாசலில் மண்வெட்டியைச் சாத்திய கணத்தை அவன் சொல்வான். அடுத்த முறைக்கான வழியைத் தாயும் மகனும் சேர்ந்து தேட அங்கிருந்தே தொடங்கலாம்.