பழுதற்ற பொருளின் சாவு

பழுதாகாத ஒரு பொருள் சாக முடியுமா? போன மாதம் பாலவாக்கத்தில், என் மேஜையின்மீது இது நடந்தது. அதனால்தான் கேட்கிறேன்.

நண்பர் ஒருவர் எண்பதுகளில் கோடம்பாக்கத்து ரிகார்டிங் கூடங்களில் கீபோர்டு வாசித்தவர். 'புன்னகை மன்னன்' (1986) படத்திற்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தபோது வாத்தியக்காரர்களிடையே எழுந்த பயத்தையும் மோகத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். கடன்பட்டு ஒரு யமஹா டிஎக்ஸ்7 வாங்கினார். 1983இல் வந்த வாத்தியம். அதன் நினைவில் 32 குரல்களுக்கு இடமுண்டு. கம்பெனி வைத்திருந்த குரல்களை ஒவ்வொன்றாக அழித்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து தன்னுடையவற்றை அங்கே வைத்தார். அவற்றைத் தாங்கி நிற்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு சிறு பாட்டரி. அது ஓய்ந்தால் 32ம் போகும். 'என்றைக்காவது இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வை' என்றார். 'ஆகட்டும்' என்றேன். அவர் போய், வாத்தியம் என் வீட்டுக்கு வந்து, எட்டு வருஷமாயிற்று. கடற்காற்றில் அதன் திருகாணிகள் துருவேறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வந்த உற்சாகத்தில் காரியத்தில் இறங்கினேன். வாத்தியம் சரி, கேபிள் சரி, இரண்டுக்கும் நடுவிலிருந்த பழைய இணைப்புப் பெட்டியில் விளக்கும் எரிந்தது. ஆனால் புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்படியொரு பெட்டி உலகத்திலேயே இல்லை. பெட்டியைச் செய்த கம்பெனி (பெயர் எதற்கு?) அதற்கான டிரைவரை எழுதுவதை என்றோ நிறுத்திவிட்டது. எதுவும் உடையவில்லை. ஒருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவே.

இதைக் காலத்தின் கோலம் என்று விட்டுவிடலாம். எனக்கு முடியவில்லை. காரணம், மிடி என்கிற இந்தப் பாஷை பிறந்த விதம். 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த வாத்திய வியாபாரிகளின் கண்காட்சியில், போட்டிக் கம்பெனிகள் இரண்டின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்தார்கள். டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 ஒன்று. காகேஹாஷியின் ரோலண்டு செய்த ஜூபிடர்-6 மற்றொன்று. ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. இந்தப் பாஷைக்கு யாரும் காசு கேட்கவில்லை. அது ஒலியைக் கடத்துவதில்லை. எந்தக் கட்டை, எத்தனை வேகத்தில் அமுங்கியது, எப்போது எழுந்தது என்ற செய்தியை மட்டுமே கடத்துகிறது, விநாடிக்கு 31,250 பிட் வீதம். வாங்கும் முனையில் ஒரு சிறு விளக்கு, அதற்கெதிரே வெளிச்சத்தை உணரும் ஒரு டிரான்சிஸ்டர். ஒரு கருவியின் மின்சாரம் மற்றதைத் தொடுவதில்லை. நடுவில் தாண்டுவது வெளிச்சம். 2020இல் மிடி 2.0 வந்தபோதும் பழைய கருவிகளோடு பேசவேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும், யாருக்கும் சொந்தமில்லாமல் கொடுக்கப்பட்ட வாக்கு நாற்பது வருஷம் தாண்டி நிற்கிறது. ஒரு கம்பெனி தன் கைக்குள் மூடிவைத்துக் கொடுத்த வாக்கு அதில் கால்வாசிகூட நிற்கவில்லை. (மூன்று இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகையை இன்றும் பிரித்துப் படிக்கலாம். அதற்கு டிரைவர் வேண்டாம்.)

எதிர்வாதத்தையும் சொல்லவேண்டும். டிரைவர் என்பது சிஸ்டத்தின் கர்ப்பக்கிருகம்வரை போக அனுமதி பெற்ற நிரல். அத்தாட்சியில்லாத, பழைய 32 பிட் நிரலை உள்ளே விடமாட்டேன் என்பதில் நியாயமிருக்கிறது. திருடன் அந்த வழியாகத்தான் வருவான். என்றைக்கோ விற்ற பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஊழியம் செய் என்று யாரைக் கட்டாயப்படுத்துவது? சரி. ஆனால் நானே எழுதமாட்டேன் என்பது வேறு, எழுத முன்வருகிறவனுக்கும் கதவைத் திறக்கமாட்டேன் என்பது வேறு. முதலாவது களைப்பு. இரண்டாவதற்கு எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை.

கோபம் எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எட்டு வருஷம் பழைய கம்ப்யூட்டர் இதே அறையில் இருந்தது. அது அந்தப் பெட்டியை அறியும். கம்பெனி என் நண்பருக்கு எதையும் வாக்களிக்கவில்லை. வாக்களித்தவன் நான்.

ரிச்சி தெருவில் ஒரு மலிவான கேபிள் கிடைத்தது. டிரைவரே வேண்டாத ரகம். கட்டைகளின் செய்தியைக் கொண்டுவந்தது. குரல்களை அனுப்பினால் நடுவில் விழுங்கியது. நீண்ட பேச்சு அதன் தொண்டையில் நிற்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிக் கொண்டுவந்தான். யாரோ முகம் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் எழுதி வைத்திருந்த வரிகள் என் பெட்டியை அடையாளம் கண்டன. 32 குரல்களும் சேர்ந்து 4,104 பைட். வந்து சேர ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல்.

திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன. அந்த வாத்தியத்தில் ஒரு பெயருக்குப் பத்து ஆங்கில எழுத்துக்குமேல் இடமில்லை. பதினேழாவது, 'நீலாங்கர'. கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. அதைத் தேர்ந்து ஒரு கட்டையை அமுக்கினேன். அவருடைய ஒலிதான், சந்தேகமில்லை. அவர் இடது கையைச் சுருதிச் சக்கரத்தில் வைத்து கமகம் பிடிப்பார். அது இந்த 4,104இல் இல்லை. நானும் சக்கரத்தை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். சுருதி ஏறியது, இறங்கியது. பையன் இன்னொரு தடவை என்றான்.