பயன் தீர்ந்தபின் கடன் தீருமா?

மனிதன் தன் வாழ்வை வளம்படுத்திக்கொள்ள விலங்குகளைத் துணைக்கொண்ட வரலாறு மிகப் பழையது. ஏருக்கு எருது, சேற்றுக்கு எருமை, சுமைக்குக் கழுதை, போருக்கும் பயணத்துக்கும் குதிரை என ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேலைக்குப் பழக்கி அவன் வாழ்ந்து வந்துள்ளான். வேலை செய்யும் விலங்கைத் துன்புறுத்தலாகாது என்பதை இன்று மறுப்பார் அரியர். ஆனால் அவ்வேலை முடிந்தபின் நிலை யாது? முதுமையாலோ நோயாலோ புதிய பொறியொன்றின் வருகையாலோ ஒரு விலங்கு பயனற்றதாகிவிட்டால், அதனிடத்து நமக்குக் கடமை ஏதும் எஞ்சியுள்ளதா? எஞ்சியுள்ளதெனின் அக்கடமை எதனின்று பிறக்கின்றது? நன்றியினின்றா, இரக்கத்தினின்றா, வேறொன்றினின்றா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் மட்டும் எழும் வினாவன்று. மாத்தளை மாவட்டத்து வில்கமுவ போன்ற நெல் விளையும் ஊர்களில், சேறடிப்பதற்கும் சூடு மிதிப்பதற்கும் எருமையை நம்பியிருந்த காலம் கழிந்து, உழவு இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. மனிதனின் உடலுழைப்பு அதனால் குறைந்தது, அது நன்றே. ஆயின் வேலை இழந்த எருமை எங்கே போயிற்று என்று கேட்டவர் மிகச் சிலரே. எருமைக்காவது பாலும் தயிரும் உண்டு. அவற்றின் பொருட்டேனும் அது கொட்டிலில் இடம்பெறக்கூடும். குதிரையின் நிலை அதுவன்று. நம் நாட்டவர் அதன் பாலை அருந்துவதுமில்லை, இறைச்சியை உண்பதுமில்லை. உழைப்பு ஒன்றே அதன் விலை. உழைப்பு நின்ற அன்றே விலையும் நின்றுவிடுகின்றது. ஆகவே நாம் எடுத்துக்கொண்ட வினா குதிரையிடத்தேதான் மிகத் தெளிவாகப் புலப்படும்.

குதிரையைப் பேணுதல் என்பது யாது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். நான்கைந்து குதிரைகளே நிற்கும் ஒரு சிறு லாயத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் அங்கு வேலை தொடங்கிவிடும். குதிரையின் பேருடலோடு ஒப்பிட அதன் இரைப்பை சிறியது. திறந்த வெளியில் விடப்பட்டால் நாளின் பெரும்பகுதியை அது மேய்ச்சலிலேயே கழிக்கும். ஆதலின் லாயத்திலும் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடல் வேண்டும். ஒரே வேளையில் கொள்ளையோ தானியத்தையோ மிகுதியாகக் கொட்டினால் வயிற்றுவலி காணும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. மனிதருக்கு ஒரு நாளில் தீரும் அசீரணம் அதற்கு உயிர்க்கொல்லி ஆகலாம். நாளொன்றுக்கு 25 லீற்றருக்குக் குறையாத நல்ல நீர் வேண்டும். வெயிலிலும் வேலையிலும் அவ்வளவு இரட்டிக்கும். குளம்பின் அடியில் சிக்கிய கல்லையும் சேற்றையும் நாள்தோறும் தோண்டி நீக்கல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கொருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்றியடித்தல் வேண்டும். கால்களைக் கையால் தடவிச் சூடேறியுள்ளதா எனப் பார்ப்பதும், சாணத்தை நோக்கி வயிற்றின் நிலையை அறிவதும் காலைக் கடன்களுள் அடங்கும். வருடப்பிறப்பன்றும் பொங்கலன்றும் இக்கடன்களுக்கு விடுமுறை இல்லை.

பேணுதலினும் அரியது பழக்குதல். குதிரை இயல்பில் ஓடித் தப்பும் விலங்கு. தலையின் இருமருங்கிலும் அமைந்த கண்களால் அது தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் காணும். காற்றில் பறக்கும் ஒரு காகிதத்துக்கும் மிரளும். அத்தகைய விலங்கின் முதுகில், வேங்கை பாயக்கூடிய அதே இடத்தில், மனிதன் ஏறி அமர்கின்றான். அதனை அது பொறுத்துக்கொள்வது எதனால்? பழக்குபவன் கடிவாள வாரை இழுக்கின்றான். குதிரை இணங்கிய அக்கணமே இழுப்பைத் தளர்த்துகின்றான். அத்தளர்ச்சியே அதற்குக் கிடைக்கும் விடை. தளர்த்த வேண்டிய கணம் தவறினால் பாடமும் தவறிப்போகும். காலந்தாழ்த்தி அடிப்பவனிடமிருந்து அது அச்சத்தைத் தவிர வேறெதனையும் கற்பதில்லை. சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பதை, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் செய்த கிரேக்கராகிய செனபோன் அன்றே வற்புறுத்தியுள்ளார்.

நம் மரபும் இக்கலையை இழிவாகக் கருதியதில்லை. கரந்துறைந்த காலத்தில் நகுலன் விராடனது அரண்மனையிற் குதிரைகளைப் பேணினான் என்று பாரதம் கூறும். நாடிழந்த நளன் இருதுபன்னனிடம் தேரோட்டியாய் அமர்ந்தான். அரசர் தம் அடையாளத்தை மறைத்துக்கொண்டபோதும், அவர்கள் கைகள் மறக்காத அறிவாக இப்பரிநூலறிவு நின்றதெனலாம்.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். பழக்கப்பட்ட குதிரை தன் இயற்கைக் காவலாகிய ஓட்டத்தை அடக்கிக்கொள்ளக் கற்கின்றது. அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்று முடிவுசெய்யும் உரிமையை அது மனிதனிடம் ஒப்படைத்துவிடுகின்றது. உண்ணும் வேளை, உறங்கும் இடம், உடன் நிற்கும் துணை யாவற்றையும் மனிதனே தீர்மானிக்கின்றான். பழக்குதல் எவ்வளவு செம்மையாக நடைபெறுகின்றதோ அவ்வளவு முழுமையாக விலங்கு நம்மைச் சார்ந்ததாகின்றது.

நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். பந்தயக் குதிரையோ இரண்டு மூன்று வயதிலேயே ஓடத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்னரே களத்தை விட்டு நீங்குகின்றது. பயன்பட்ட காலத்தினும் பயன் தீர்ந்த காலமே அதன் வாழ்வில் நீண்டது. அந்நீண்ட காலத்துக்குப் பொறுப்பாளி யார்?

இவ்வினாவுக்குப் பழைய உலகிலேயே இரு விடைகள் எதிரெதிராக நின்றன. உரோமாபுரியின் கேற்றோ, முதுமையடைந்த அடிமைகளை விற்றுவிடுதலே சிக்கனம் எனக் கருதினான். தான் இசுப்பானியாவிற் போரில் ஏறிய குதிரையையும், கப்பற் கூலி அரசுக்குச் செலவாகுமென்று, அங்கேயே விட்டு வந்தான். அவனது வரலாற்றை எழுதிய புளூட்டாக் இதனைக் கண்டித்தார். நீதி மனிதரோடு நின்றுவிடுகின்றது. நற்பண்போ அதனைக் கடந்து விலங்குகள் வரை பாயும் என்பது அவர் கருத்து. அதேன்சு நகரத்தார் பெருங்கோயில் எழுப்பியபோது உழைத்த கோவேறு கழுதைகளைக் கட்டவிழ்த்து மேயவிட்டதையும், அவற்றுள் ஒன்று தானே திரும்பி வந்து சுமையிழுக்கும் கழுதைகளுக்கு முன்னே நடந்ததையும், அதற்கு இறக்கும்வரை பொதுச் செலவில் உணவிடுமாறு நகரத்தார் ஆணையிட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பிற்காலத்தில் சேர்மானிய மெய்யியலாளர் கான்ற், 1797 இல் வெளிவந்த தம் ஒழுக்கவியல் நூலில், நெடுநாள் உழைத்த முதிய குதிரையிடத்தும் நாயிடத்தும் நன்றி பாராட்டுதல் மனிதன் கடமையே என்றார். ஆயினும் அஃது அவ்விலங்குக்குச் செலுத்தும் கடமையன்று. மனிதன் தன் மனிதத் தன்மையைக் காத்துக்கொள்ளத் தனக்குத்தானே செலுத்தும் கடமை என்று அவர் வரையறுத்தார். அவர் காலத்தவரான ஆங்கிலேய அறிஞர் பெந்தாம் 1789 இல் வேறொரு வாயிலைத் திறந்தார். விலங்கால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதன்று வினா. அதனால் துன்புற முடியுமா என்பதே வினா என்றார் அவர்.

இம்மூவர் கருத்தும் மதிக்கத்தக்கனவே. ஆயினும் இவற்றுள் எதுவும் நம் வினாவுக்கு முழு விடையாகாது. நற்பண்பு என்றால், அஃது உடையான் செய்வான், இல்லான் விடுவான். குதிரையின் கதி அவரவர் மனப்போக்கில் தங்கிவிடும். தனக்குத்தானே செலுத்தும் கடமை என்றால், பசித்து நிற்கும் குதிரை நம் ஒழுக்கப் பயிற்சிக்கு ஒரு கருவியாகிவிடும். துன்பமே அளவுகோல் என்றால், காட்டில் நோயுற்ற மானும் நம் லாயத்தில் நோயுற்ற குதிரையும் ஒரே தட்டில் நிற்கும். அவ்விரண்டிடத்தும் நமக்குள்ள பொறுப்பு ஒன்றே என்று எவரும் கொள்ளார்.

நன்றி என்னும் விடை நம் மரபுக்கு மிக அணுக்கமானது. செய்ந்நன்றி அறிதலுக்குத் திருக்குறள் தனியோர் அதிகாரமே வகுத்துள்ளது. ஆனால் நன்றியை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் ஓர் இடர் எழும். பந்தயத்தில் ஒருமுறையும் வெல்லாத குதிரைக்கும், பழக்கும்போதே கால் முறிந்த குதிரைக்கும் நாம் எதனைக் கடன்பட்டோம்? அவை நமக்கு எந்நன்மையும் செய்யவில்லையே! உதவி பெற்ற அளவுக்கே கடன் என்றால், மிக நலிந்த விலங்குக்கு மிகக் குறைந்த உரிமை என்று முடியும்.

கடனுக்கு ஊற்று விலங்கிடமிருந்து நாம் பெற்ற பயனன்று. அவ்விலங்கில் நாம் உண்டாக்கிய சார்புநிலையே என்பது எம் துணிபு. தானே தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை ஓருயிரிடமிருந்து நீக்கியவன், அவ்வாற்றலின் இடத்தில் தான் நிற்கக் கடமைப்பட்டவன். பயன் தீரலாம், சார்பு தீரவில்லை. சார்பு உள்ளவரை கடனும் உண்டு.

இத்துணிபை நம் நாட்டுச் சான்றுகளால் சோதித்தறியலாம். பாக்குநீரிணையில் அமைந்த நெடுந்தீவுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தவர் போர்த்துக்கேயர் என்பர். ஒல்லாந்தர் அங்கு குதிரை வளர்த்தனர். பிரித்தானியர் காலத்திலும் நோலன் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் அவ்வளர்ப்பு நடைபெற்றது. பின்னர் ஆட்சியாளருக்கு அதனால் பயனில்லை என்றாயிற்று. லாயத்தின் தூண்கள் இடிபாடாய் எஞ்சின. கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. ஆறில்லாத, கிணற்று நீரும் உவர்க்கும் அத்தீவில் கோடை முற்றும்போது நீரின்றி அவை மடிவதுண்டு. இன்றுள்ள குதிரைகள் எவருக்கும் உழைத்தவையல்ல. நன்றிக் கணக்கில் அவற்றின் பெயர் இல்லை. எனினும் கடல் சூழ்ந்த அவ்வறண்ட நிலத்தில் அவற்றை வைத்தவன் மனிதன். நீந்தி வேறிடம் செல்ல அவற்றால் இயலாது. ஆதலின் அவற்றுக்கு வைக்கும் நீர்த்தொட்டி தருமமன்று, கடன். மன்னாரில் ஒருகாலத்தில் பொதிசுமந்த கழுதைகளின் வழித்தோன்றல்கள் வாகனங்களால் அடிபட்டுத் தெருவில் அலைவதும், அவற்றுக்கெனச் சிகிச்சை நிலையம் ஒன்று அங்கு அமைக்கப்பட்டதும் இதே கணக்கில் அடங்கும். நுவரெலியாவின் சித்திரைப் பந்தயத்தில் ஓடும் குதிரைக்கும், ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகளைச் சுமக்கும் குதிரைக்கும் இஃது ஒக்கும்.

மறுதலையாக, வில்கமுவவை அடுத்துள்ள வஸ்கமுவ தேசியப் பூங்காவின் காட்டு யானையை எண்ணிப் பார்க்கலாம். பயிரையும் குடிலையும் சிதைக்கும் அதன்மீது அவ்வூர் உழவனுக்கு அச்சமும் சினமும் எழுவது இயல்பே. அந்த யானை நம்மைச் சார்ந்ததன்று. அதற்கு நாம் சோறிட வேண்டியதில்லை, வழிவிட வேண்டும். இன்னும் சொன்னால், சோறிடுவதே தவறாகவும் முடியும். உடவளவைப் பூங்காவின் வேலியோரத்தில் பயணிகள் நீட்டும் பழத்துக்காக யானைகள் காத்துநிற்பதை வழிச்செல்வோர் பலர் கண்டுள்ளனர். இரக்கத்தால் நீட்டிய கை, அறியாமலே சார்பை விதைத்துவிடுகின்றது. காட்டு விலங்குக்கு விலகி நிற்றலும் பழக்கிய விலங்குக்கு அருகில் நிற்றலும் அறமாகும். இரண்டையும் மயக்குவதாலேயே நாம் காட்டு யானைக்குப் பழம் கொடுத்துவிட்டுக் கிழக்குதிரையைத் தெருவில் விடுகின்றோம்.

இதற்கு எழக்கூடிய தடைகளும் உள. மனிதருக்கே நன்னீர் அரிதான தீவில் குதிரைக்கு நீர் தேடுவதா என்று கேட்பர். கேள்வி நேர்மையானது. குடத்தில் எஞ்சிய நீர் குழந்தைக்கா குதிரைக்கா என வரின், குழந்தைக்கே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கடன் பிந்தியது என்பதனால் அது கடனே அன்று என்றாகிவிடாது. மேலும், அக்கடனை ஏழைக் குதிரைக்காரன் ஒருவன் தலையிலேயே சுமத்துவது முறையன்று. பந்தயம் நடத்தியோர், அதில் பணம் வைத்தோர், சவாரியால் வருவாய் பெற்ற ஊர் ஆகிய அனைவரும் அதில் பங்காளிகள். அவ்வருவாயில் ஒரு பகுதி முதிய குதிரைகளின் தீவனத்துக்கென ஒதுக்கப்படுதல் நீதியாகும்.

வலியின்றிக் கொன்றுவிடுவது கருணையாகாதா என்று வேறு சிலர் வினவுவர். எழுந்து நிற்க இயலாது நோவுறும் குதிரைக்கு மருத்துவர் தரும் விரைந்த முடிவு, நாம் செய்யும் இறுதிப் பணியாகவும் இருத்தல் கூடும். ஆயின் அங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முடிவது அதன் வேதனையா, நம் செலவா? இவ்விரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுதல் நேர்மையன்று.

கடன் இவ்வளவு நீண்டதாயின் குதிரையை வளர்க்கவே எவரும் முன்வரார் என்பது மற்றொரு தடை. முன்வரற்பாலர் அல்லாதார் முன்வராதிருத்தல் நன்றே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகளுக்கு அந்நாட்டு மன்னர் பெரும்பொருள் ஈந்ததையும், முறையாகப் பேணுவார் இன்மையால் அவற்றுட் பல இறந்தொழிந்ததையும் குறித்துள்ளார். வாங்கத் தெரிந்தோர் வளர்க்கத் தெரியாதிருந்த கதை அது. விலை பேசும்போது குதிரையின் விலையை மட்டுமன்றி அதன் முதுமையின் விலையையும் கணக்கிடுபவனே உண்மையில் வாங்கும் தகுதியுடையவன்.

நம் நாட்டில் விலங்குவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இல் இயற்றப்பட்டது. அது குறித்த தண்டப்பணத்தின் உச்சவரம்பு நூறு ரூபா. அடித்தலையும் வதைத்தலையும் நோக்கிய அச்சட்டம் அன்றைய நிலையில் ஒரு முன்னேற்றமே. ஆயினும் அடிப்பவனைத் தண்டிப்பதோடு சட்டம் நின்றுவிடலாகாது. கைவிடுபவனின் பொறுப்பையும் அது வரையறுத்தல் வேண்டும். பழக்கிய விலங்குக்குக் கைவிடுதலைவிடக் கொடிய அடி வேறில்லை.

ஒரு சமுதாயம் தனக்குப் பயன்படுவோரை எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கொண்டு அதன் அறத்தை அளத்தல் இயலாது. பயனுள்ளதைப் பேணுதல் வணிகனும் அறிந்ததே. பயன் தீர்ந்தபின்னும் தன்னைச் சார்ந்து நிற்பதை அது என்செய்கின்றது என்பதே உரைகல்லாகும். முதிய குதிரை காலையில் லாயத்தின் வாயிலில் காலடியோசை கேட்டுச் செவி நிமிர்த்துகின்றது. அன்று அது ஓடப்போவதில்லை. எதனையும் ஈட்டித்தரப் போவதுமில்லை. ஆயினும் புல்லும் நீரும் வருமென்று காத்திருக்க அதற்குக் கற்பித்தவர் நாமே.