கூடாரத்தில் இரண்டு நாள்: இஸ்ராஃபா, இளைப்பாறலா?

சென்ற மாதம் ஒரு வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து, மயிலாப்பூரில் நம் மஹல்லாப் பள்ளியின் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தோம். சகோதரர் ஒருவர் ஸலாம் கூறிக் கைப்பேசியை நம் முன் நீட்டினார். அதில் ஒரு விளம்பரப் படம். மலைச் சரிவில் வெள்ளைத் துணிக் கூடாரங்கள். உள்ளே கட்டில், மெத்தை, ஏ.ஸி., வெந்நீர்க் குழாய். வெளியே பிள்ளைகளுக்கு ஊஞ்சல். குடும்பத்தோடு தங்கலாம், இயற்கைக்குக் கேடில்லை என்று கீழே எழுதியிருந்தது. இதற்குக் 'கிளாம்பிங்' என்று பெயராம். பகட்டையும் கூடாரத்தையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்ட வைத்து உண்டாக்கிய பெயர். உண்மையைப் பெயரிலேயே ஒப்புக் கொண்டு விட்டார்கள் என்று நினைத்துக் கொண்டோம்.

"ஹஜ்ரத், பிள்ளைங்க கேக்குறாங்க. வீட்லயும் ஆசைப்படுறாங்க. ரெண்டு ராத்திரிக்குப் பதினெட்டாயிரம். உம்மா மட்டும் இது ஷைத்தானோட செலவுன்னு சொல்றாங்க. மார்க்கத்துல கூடுமா?"

நின்ற நிலையிலேயே, "இஸ்ராஃப்தான், உம்மா சொல்வதே சரி" என்று சொல்லி விட்டு நடந்தோம்.

வீடு வந்து சேருமுன்பே அந்தப் பதில் உள்ளத்தை உறுத்தத் தொடங்கியது. காரணத்தை மறைப்பானேன்? சென்ற ஆண்டு இதே சகோதரர் தம் தங்கையின் திருமணத்திற்குப் பெரிய மண்டபம் பிடித்து விருந்து வைத்தார். ஒரு பந்தியில் எஞ்சிக் குப்பைக்குப் போன பிரியாணியின் விலை மட்டுமே இந்தப் பதினெட்டாயிரத்தைத் தாண்டியிருக்கும். நாமும் அந்தச் சஹனில் அமர்ந்து உண்டோம். பரக்கத்துக்காக துஆவும் ஓதினோம். அன்று இஸ்ராஃப் என்ற சொல் நம் நாவில் வரவில்லை. பழகிப் போன வீண் செலவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை; புதிதாக வந்த செலவு மட்டும் உடனே ஹராமாகத் தெரிகிறது. ஃபத்வா சொல்பவர்களுக்கு இது ஒரு பொல்லாத நோய்.

எனவே கிதாபுகளைத் திறந்தோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், பொருளைக் கையாளும் உரிமையைத் தடுத்து வைக்கும் பாடத்தில், வீண் விரயம் எது என்ற பேச்சு வருகிறது. பொருளைக் கடலில் எறிவது, படுமோசமான நட்டத்தில் வியாபாரம் செய்வது, ஹராமில் செலவிடுவது ஆகியவை விரயம். ஆனால் தன் தகுதிக்கு மீறிய உணவுக்கும் உடைக்கும் செலவிடுவதைக் கூட, மிகச் சரியான சொல்லின்படி, அந்தச் சட்டத்தில் விரயமாகக் கொள்வதில்லை. பயணத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஓர் ஊருக்குக் குறுகிய வழி, நீண்ட வழி என இரண்டிருந்து, ஒருவன் நீண்ட வழியில் போனால் கஸ்ருச் செய்யலாமா என்ற கேள்விக்கு, தக்க நோக்கம் இருந்தால் செய்யலாம் என்கிறார்கள் நம் ஷாஃபிஈ இமாம்கள். தக்க நோக்கங்களை எண்ணும்போது வழியின் பாதுகாப்பு, நோயாளியை நலம் விசாரித்தல் ஆகியவற்றோடு, மனமகிழ்ச்சிக்காக இயற்கையைக் கண்டு களிப்பதையும் விரிவுரையாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். சட்டத்தின் கோடு நாம் படியில் நின்று கிழித்த கோட்டை விடத் தாராளமானது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வெளியிடங்களுக்குச் சென்று தங்குவதைப் பற்றி ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவுகிறார்கள். மேட்டிலிருந்து மழைநீர் இறங்கும் ஓடைப் பக்கங்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் போய் வருவார்கள் என்பது அன்னையின் பதில். அப்படி ஒருமுறை புறப்பட நாடியபோது, சவாரிக்குப் பழகாத ஒட்டகம் ஒன்றை அன்னைக்கு அனுப்பி வைத்து, அதனிடம் மென்மையாக நடந்து கொள்ளும்படி அறிவுரை கூறினார்களாம். அபூதாவூதில் உள்ள செய்தி இது. கிராமப்புறத்திலேயே குடியிருந்து விட்டால் மனம் முரடாகி விடும் என்று எச்சரிக்கும் ஹதீஸும் அதே நூலில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. போய் வருவது வேறு. மக்களையும் ஜமாஅத்தையும் விட்டு ஒதுங்கி விடுவது வேறு. இரண்டு நாள் பயணத்திற்கு இந்த இரண்டாவது ஹதீஸைக் காட்டித் தடுப்பது நியாயமாகாது.

அந்த ஒட்டகத்தை வாசகர்கள் மறந்து விடாதீர்கள். உலாப் போகும் மகிழ்ச்சியிலும், சுமக்கின்ற பிராணியின் நினைப்பு அங்கே முன்னால் நிற்கிறது. நம் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. போகலாமா என்பதற்கு விடை எளிது. நம் மகிழ்ச்சியை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் கடினமான கேள்வி.

கூடாரத்தைப் பற்றி அல்லாஹ்வே தன் திருமறையில் பேசுகிறான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், வீடுகளை அமைதி பெறும் இடமாக ஆக்கியதைச் சொல்லிய கையோடு, கால்நடைகளின் தோலிலிருந்து கூடாரங்களைத் தந்ததையும் அருளாக எடுத்துரைக்கிறான். அந்தக் கூடாரத்திற்கு அவன் கூறும் சிறப்பு, பயணத்தின்போதும் தங்கும்போதும் அது இலேசாக இருக்கிறது என்பதே. தபூக்கில் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கியிருந்த தோல் கூடாரம் எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. உள்ளே வர அழைக்கப்பட்ட அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், முழு உடம்போடும் வரட்டுமா என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். முழுமையாகவே வாரும் என்ற பொருளில் பதில் கிடைத்தது. படை நடத்திச் சென்ற தலைவரின் கூடாரம் அது! இன்றைய விளம்பரக் கூடாரமோ சிமெண்டுத் தளத்தில் ஊன்றியது, ஏ.ஸி.யும் வெந்நீரும் கொண்டது. துணியால் ஆனது என்பதைத் தவிர அதில் இலேசு என்ன இருக்கிறது? இயற்கைக்குக் கேடில்லை என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் உறுமிக் கொண்டிருந்தால், அந்த அட்டை பொய்ச் சாட்சிதான்.

தண்ணீரைப் பற்றி மயிலாப்பூர்வாசிகளுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததையும், குடங்களை வரிசையில் வைத்து விட்டு நள்ளிரவில் லாரிக்குக் காத்திருந்ததையும் யாரும் மறக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஜோலார்பேட்டை, ஏலகிரி மலையின் அடிவாரத்து ஊர். சகோதரர் காட்டிய கூடாரங்களும் அந்த வட்டாரத்து மலையில்தான் இருக்கின்றன. நம் தாகத்திற்குத் தண்ணீர் அனுப்பிய சீமைக்குப் போய், பிள்ளைகளை நீச்சல் தொட்டியில் இறக்கி விட்டு, ஷவரைத் திறந்து வைத்துக் கொண்டு நிற்பதென்றால் சற்று யோசிக்க வேண்டாமா? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லிட்டர் அளவு நீரில் வுளூச் செய்தார்கள். ஏறக்குறைய மூன்று லிட்டர் கொண்ட ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள். புகாரீயில் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. ஓடுகின்ற ஆற்றின் கரையிலும் வுளூவில் நீரை வீணாக்கக் கூடாது என்ற இப்னுமாஜா ஹதீஸின் தொடரில் பலவீனம் கூறப்பட்டாலும், அதன் கருத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்றே நடந்திருக்கிறார்கள்.

இனிக் காட்டு விலங்குகளின் வழக்கைக் கேளுங்கள். நீலகிரியின் சீகூர்ப் பீடபூமி, யானைகள் காட்டிலிருந்து காட்டுக்குக் கடந்து செல்லும் பாதை. தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதை யானை வழித்தடமாக அறிவித்தது. உல்லாச விடுதிக்காரர்கள் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011லும், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14ஆம் தேதியும் அரசின் அறிவிப்பை உறுதி செய்தன. தீர்ப்பு வந்து சில மாதங்களுக்குள், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஓர் ஆண் யானையின் மேல் எரியும் டயரை எறிந்த கொடுமை வெளியாயிற்று. காதும் தலையும் புண்ணாகி, ஜனவரி 19ஆம் தேதி அந்த யானை செத்தது. அதே மாதத்தில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கச் சென்ற ஓர் இளம்பெண் யானை தாக்கி இறந்து போனார். இரண்டு உயிர்களும் ஒரே தவறுக்குப் பலியானவை என்றே நமக்குத் தோன்றுகிறது.

முஸ்லிம் ஷரீஃபில் பயண ஒழுக்கம் பற்றிய ஒரு ஹதீஸ் வருகிறது. இரவில் தங்குவதற்கு இறங்கினால் பாதையை விட்டு விலகி இறங்குங்கள் என்ற கருத்துடையது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், பாதைகள் பிராணிகள் நடமாடும் வழி, இரவில் ஊர்வன ஒதுங்கும் இடம் என்பது. மத்ரஸாவில் இதை ஓதிய நாளில், பாம்பு கடிக்காமல் இருப்பதற்கான யோசனை என்றுதான் நாம் விளங்கி வைத்திருந்தோம். இன்று படிக்கும்போது, அந்த வழியில் பிராணிகளுக்கும் ஒரு பாத்தியதை இருப்பதாகவே அது நம் காதில் விழுகிறது. மற்றொரு பயணத்தில், தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்து விட, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. குஞ்சுகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அங்கேயே எரிக்கப்பட்ட ஓர் எறும்புப் புற்றைக் கண்டு, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உண்டு என்று கண்டித்தார்கள். எறும்புக்கே இந்த நியாயம் என்றால், டயரோடு ஓடிய யானைக்கு? இரவில் விறகு மூட்டிச் சுற்றி அமர்ந்து பாட்டுப் போடும் 'கேம்ப் ஃபயர்'காரர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

குடும்பத்தோடு என்ற சொல்லையும் விட்டு விட முடியாது. நம் வீடுகளின் உல்லாசப் பயணம் எப்படி நடக்கிறது? கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ ஒரு நாள் போவதென்றால், பெண்கள் தஹஜ்ஜுத் நேரத்திலேயே எழுந்து தேக்சாவை அடுப்பில் ஏற்றி விடுகிறார்கள். கடற்கரையில் ஆண்கள் காற்று வாங்குகிறார்கள்; பெண்கள் பரிமாறுகிறார்கள். திரும்பி வந்து பாத்திரம் துலக்குவதும் அவர்கள்தான். யாருக்கு ஓய்வு? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்துத் தோற்றார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடி வென்று, பழைய தோல்விக்கு ஈடாயிற்று என்று மகிழ்ந்தார்கள். உடலுக்கும் மனைவிக்கும் உன் மேல் உரிமை உண்டு என்று சல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துச் சொன்னதை நாயகம் (ஸல்) அவர்கள் சரி கண்டார்கள். மாடிக் குடித்தனத்தில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கும் ஒரு பெண், இரண்டு நாள் பிறர் சமைத்ததை உண்டு, மரநிழலில் அமர்ந்து திக்ரு செய்யவும் பிள்ளைகளோடு சிரிக்கவும் வழி கிடைத்தால், அந்தச் செலவை இஸ்ராஃப் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பர்தாவுக்கு இடமில்லாத பொதுக் குளமும் மது பரிமாறும் இடமும் கூடாது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மறு வெள்ளியன்று அந்தச் சகோதரரை நாமே தேடிப் போனோம். சென்ற வாரம் அவசரப்பட்டுச் சொல்லி விட்டோம் என்று ஒப்புக் கொண்டோம். கடன் வாங்கிப் போகக் கூடாது. ஜகாத்தில் பாக்கி வைத்து விட்டுப் போகக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, அந்த நிலத்தில் முன்பு யார் பயிர் வைத்தார்கள், காட்டு விலங்கு கடக்கும் வழியா என்பதையெல்லாம் விடுதிக்காரரிடம் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஏ.ஸி. இல்லாத எளிய தங்கும் விடுதி போதும், பாதிப் பணம் மிஞ்சும் என்றோம். கூடாரமே வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள் என்றார். அப்படியானால் பாங்கு சொல்லப் பழகிக் கொண்டு போகட்டும். ஆளில்லாத வெளியில் உரத்துச் சொல்லும் பாங்கைக் கேட்ட ஒவ்வொன்றும் மறுமையில் சாட்சி கூறும் என்று அபூஸயீத் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீயில் இருக்கிறது என்று சொல்லி வைத்தோம்.

"உம்மா?" என்று கேட்டோம்.

தங்கை வீட்டில் விட்டுச் செல்வதாக ஏற்பாடாம். முழங்கால் வலி, மலைக்கெல்லாம் அவர்களால் வர முடியாது என்றார். வர முடியாது என்று உம்மா சொன்னார்களா, நீங்களாகச் சொல்கிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

மூன்று நாள் கழித்து, இஷா தொழுகைக்குப் பின் நம் கையைப் பிடித்துக் கொண்டார். "ஹஜ்ரத், உம்மா ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்னாங்க. அந்தக் கூடாரத்துல நாற்காலி போட்டுத் தொழ எடம் இருக்குமா, கிப்லா எந்தப் பக்கம்னு யாருகிட்ட கேக்குறதுன்னு."