எல்சியை விசாரித்தோம்

ஆபிரகாம் வர்கீஸின் ‘தி கவனன்ட் ஆஃப் வாட்டர்’ நாவலை முடித்தவர்கள் அதன் நடையைப் பற்றியோ நீளத்தைப் பற்றியோ பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகம், 2023-இல் வந்தது. எல்லாரும் நேராக ஒரு கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: எல்சி செய்தது சரியா? கேட்கும் தோரணையைப் பார்த்தால் எல்சி ஏதோ பக்கத்துத் தெருவில் குடியிருப்பவள் போலிருக்கும்.

முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

கதை 1900-இல் திருவிதாங்கூரில் தொடங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை, மனைவியை இழந்த நாற்பது வயதுக்காரருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். பரம்பில் என்ற அந்த வீட்டில் தலைமுறைக்கு ஒருவராவது தண்ணீரில் மூழ்கிச் சாகிறார். சுற்றிலும் ஆறும் காயலுமாக இருக்கிற ஊரில் இப்படி ஒரு விதி. அந்தச் சிறுமி வளர்ந்து பெரிய அம்மச்சி ஆகிறாள். அவள் மகன் பிலிப்போஸ், ஓவியமும் சிற்பமும் கைவந்த எல்சியை மணக்கிறான். முதல் பிள்ளை கோரமாகச் சாகிறது. எல்சி பிரிந்து போய், திரும்பி வந்து, 1951-இல் மரியம்மாவைப் பெறுகிறாள். பிறகு ஒருநாள் ஆற்றுக்குப் போனவள் வரவேயில்லை. வீட்டார் இன்னொரு சாவு என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். மரியம்மா சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராகிறாள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்துத்தான் அவளுக்கு உண்மை தெரிகிறது. அம்மா சாகவில்லை. தொழுநோய் வந்து, செயின்ட் பிரிஜெட்ஸ் என்ற தொழுநோய் இல்லத்தில் இருக்கிறாள். தன்னைப் பெற்ற தகப்பன் பிலிப்போஸும் இல்லை. அந்த இல்லத்தில் வைத்தியம் பார்க்கும் ஸ்காட்லாந்துக்கார டாக்டர் டிக்பி.

எங்கள் வட்டத்தில் ஏழெட்டுப் பேர். மாதம் ஒரு புத்தகம் என்று ஏற்பாடு. வழக்கமாகப் பாதிப் பேர் பாதிதான் படித்திருப்பார்கள். போண்டாவுக்காக வருகிறவர்களும் உண்டு. இந்த முறை எல்லாரும் முடித்திருந்தார்கள், எல்லாருக்கும் கோபம் இருந்தது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர்தான் தொடங்கினார். “நோய் வந்தது அவ தப்பு இல்ல. ஆத்தோட போயிட்டான்னு ஊரையே நம்ப வெச்சாளே, அதுதான் தப்பு. ஒரு லெட்டர் போட்டிருக்கலாம் இல்ல? பொண்ணு காலேஜுக்குப் போன பிறகாவது?” அவருக்கு நான்கு வயதில் அம்மா போய்விட்டார். அதை அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்பதால் யாரும் உடனே மறுத்துப் பேசவில்லை.

மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பிக்கு வேறு புகார். “சார், டாக்டருக்குக் கை வெந்துபோகுது. ஒன்பது வயசுப் பொண்ணு அந்தக் கையைப் பிடிச்சுப் படம் வரைய வைக்குது. அதே பொண்ணு வளர்ந்து வந்து அவரோட பிள்ளை பெத்துக்குது. எவ்வளவு தற்செயல்தான் தாங்கும்?” அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வர்கீஸ் கதையின் எந்த இழையையும் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொன்றையும் முடிச்சுப் போட்டுத்தான் தீர்வார். ஆனால் ஆற்றில் விட்ட பெட்டி சரியாக ஒரு தேரோட்டியின் கையில் சிக்கி, அந்தப் பிள்ளை வளர்ந்து தம்பிகளுக்கு எதிரிலேயே வில்லேந்தி நிற்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தற்செயலைக் குறை சொல்லும் உரிமை நமக்குக் கொஞ்சம் குறைவுதான்.

குந்தியின் பெயர் வந்ததும் பேச்சு திசை மாறியது. குந்தி எப்போது கர்ணனிடம் போய் ‘நான்தான் உன் அம்மா’ என்கிறாள்? போர் வாசலில் வந்து நிற்கும்போது, மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்போது. அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவள் சொல்லவில்லை, அவளுக்குத் தேவைப்பட்டதால் சொன்னாள். எல்சி மகளிடம் எதையும் கேட்டு வரவில்லை. அதனால்தான் நமக்கு அவள் மேல் அதிகக் கோபம் வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டு வருகிறவளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வராதவளை என்ன செய்வது?

கடிதம் எழுதியிருக்கலாமே என்பதற்குப் பதில், அதுவரை பேசாமல் இருந்த ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. பல வருடம் தொழுநோய் வார்டில் செவிலியராக இருந்தவர். “நாங்கதான் அவங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுப்போம். கவர்ல ஆஸ்பத்திரி முத்திரை விழக்கூடாதுன்னு கெஞ்சுவாங்க. வெளியூர் போறவங்ககிட்ட குடுத்து அங்க போய்ப் போடச் சொல்லுவாங்க. போஸ்ட்மேன் கண்ணுல பட்டா தங்கச்சி கல்யாணம் நின்னுடும். சில பேருக்கு வீட்ல திவசமே பண்ணிட்டிருந்தாங்க. தெரிஞ்சேதான்.”

எல்சி ஊரை ஏமாற்றினாள் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவரோ ஊரும் சேர்ந்து நடத்திய ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார்.

எல்சி காணாமல் போகும் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து வந்துவிட்டது. கிருமியை நார்வேயில் ஹான்சன் கண்டுபிடித்தது 1873-இல். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் 1940களின் பிற்பகுதியிலேயே சல்ஃபோன் மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அதே ஆண்டுகளில் வேலூரில் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி வைத்து விரித்துக் காட்டினார். விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி செத்துப்போனதால் காயம் தெரியாமல் தேய்கின்றன என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். நாவலில் டிக்பியின் கையைச் சரிசெய்யும் ஸ்வீடன் டாக்டர் ரூனேவைப் படிக்கும்போது எனக்குப் பிராண்டின் நினைவு வராமல் போகவில்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை. ஆனால் செத்த நரம்பை அன்றைய மருந்து எதுவும் எழுப்பித் தராது. பிரசவக் காலத்தில் நோய் சீறி எழுவதும் உண்டு. கைக்குழந்தையோடு ஒரே பாயில் படுக்கும் தாய்க்குப் பயம் வருவது இயற்கை.

மருந்து இருந்தது, சரி. 1954-இல் ‘ரத்தக்கண்ணீர்’ வெளிவந்தது. எம்.ஆர்.ராதாவின் குரலை இன்றும் மிமிக்ரி செய்கிறோம், சிரிக்கிறோம். அந்தப் படத்தில் தொழுநோய் யாருக்கு வருகிறது? பெற்றவளையும் கட்டியவளையும் மதிக்காமல் தாசி வீட்டில் கிடந்தவனுக்கு. நோய் அங்கே தீர்ப்பாக வருகிறது. எத்தனை கொட்டகைகளில் எத்தனை ஆயிரம் பேர் அதைப் பார்த்திருப்பார்கள்! காக்ரேனின் மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சட்டமும் அந்தப் பக்கம்தான் நின்றது. நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016-இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவை எடுத்துவிட 2019 வரை ஆனது. அதற்காக இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்கள் சம்பந்தப்பட்டவை உட்பட ஐந்து சட்டங்களைத் திருத்த வேண்டியிருந்தது. கூட்டுமருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து அதற்குள் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாத்திரை தின்று குணமானவளையும் தள்ளிவைக்க முடிந்த நாட்டில், 1951-இல் எல்சி யாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று அக்காவிடம் கேட்டேன். “பொண்ணுகிட்ட,” என்றார் ஒரே சொல்லில்.

அந்தப் பதிலை என்னால் தள்ள முடியவில்லை. காரணம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது.

பரம்பில் வீட்டில் இரண்டு ரகசியங்கள். ஒன்று எல்சியினுடையது. மற்றது அதைவிடப் பழையது: தண்ணீர்ச் சாவு. பன்னிரண்டு வயது மணப்பெண்ணிடம் அதை யாரும் சொல்லவில்லை. மூத்தாள் மகன் ஜோஜோ ஆழமில்லாத நீரில் விழுந்து சாகிறான். அதன் பிறகுதான் குடும்ப மரம் வரைந்த தாள் அவள் கைக்கு வருகிறது. எல்லாரும் மறைத்து வைத்திருந்தார்கள், எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் மரியம்மாதான், பிலிப்போஸின் மூளையைத் திறந்து பார்த்த பிறகு, அந்தச் சாபத்துக்கு ஒரு பெயர் கண்டுபிடிக்கிறாள்: காது நரம்பில் வளரும் கட்டி. காது மந்தமாவதும், நீருக்குள் திசை தெரியாமல் போவதும் அதனால்தான். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு வரக்கூடிய வகை நோய். பல தலைமுறை மூடிவைத்தது பிரேதப் பரிசோதனை மேசையில் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் யாரையாவது காப்பாற்ற வழி பிறக்கிறது.

ஆக, உடம்பில் ஓடும் ரகசியத்தைத் திற என்கிறது இதே புத்தகம். எல்சியின் ரகசியத்தை மட்டும் அது மன்னிக்கிறது. மன்னிப்பதோடு நிற்காமல் கொஞ்சம் கும்பிடவும் செய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டதாக வர்கீஸ் நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு அந்தக் கோடு தெரியவில்லை. தான் பரம்பில் ரத்தம் என்று நம்பி வளர்ந்தவள் மரியம்மா. அந்தக் கட்டி தனக்கு வருமா, தன் பிள்ளைக்குப் போகுமா என்பது அவளுக்கு நியாயமான கேள்வி. அதற்கு ‘வராது’ என்ற விடை இருந்தது. அது ஒரு தொழுநோய் இல்லத்தில் இரண்டு பேரின் நெஞ்சுக்குள்ளும் பிலிப்போஸின் நாட்குறிப்பிலும் பூட்டிக் கிடந்தது. அம்மாவின் ரகசியம் என்று நாம் சொல்வதில் பாதி மகளின் உடம்பைப் பற்றிய செய்தி.

இது நாவலோடு முடிகிற விஷயமும் இல்லை. என் சித்தப்பா ஒருவருக்கு வலிப்பு இருந்தது. வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் ‘குடும்பத்தில் யாருக்காவது…’ என்று இழுக்கும்போதெல்லாம் அப்பா முந்திக்கொண்டு ‘அதெல்லாம் யாருக்கும் ஒண்ணும் கிடையாது’ என்பார். பல வருடம் சொல்லிச் சொல்லி, டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோதும் அவர் வாயிலிருந்து அதே பதில்தான் வந்தது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே முகத்தில் இல்லை. சம்பந்தி வீட்டாருக்காகச் செய்த பதில் அது. இடம் மாறியது அதற்குத் தெரியவில்லை.

தன் பெற்றோர் யார் என்று கூடியவரை அறிவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. விந்து தானம் செய்தவரின் பெயரை, பிறந்த பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டுப் பெறலாம் என்று பிரிட்டன் 2005-இல் விதியை மாற்றியது. சட்டம் இப்படி மெதுவாகப் பிள்ளைகளின் பக்கம் நகர்கிறது. ஆனால் ‘பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்’ என்ற வாக்கியத்துக்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை எந்த உடன்படிக்கைக்கும் கிடையாது. கல்யாணம் முடிந்ததும் பேரன் பிறக்கட்டும் என்பார்கள்.

பிலிப்போஸைப் பற்றிப் பேச யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இல்லை. அபின் தின்றவன், முதல் பிள்ளையின் சாவில் மனைவியோடு நின்று அழத் தெரியாதவன். எனக்கு அவன்மேல் ஒரு மரியாதை உண்டு. மரியம்மா தன் மகள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் நாட்குறிப்பிலிருந்துதான் அவளுக்கே அது தெரியவருகிறது. தெரிந்தும் அவளை ஒருபோதும் கடனாக நடத்தவில்லை. அபினை விட்டான், தகப்பனானான். வாயைத் திறக்காமல் இருப்பதைத்தான் அவனும் செய்தான். ஆனால் அவன் தினமும் அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு மௌனமாக இருந்தான், அவள் எழுந்த நேரமும் சாப்பிட்ட நேரமும் அவனுக்குத் தெரியும். எல்சியின் மௌனத்துக்குப் பெரிய காரணங்கள் உண்டு. பிலிப்போஸின் மௌனத்தில் வேலை இருந்தது.

கடைசிக் காட்சியைப் பற்றி இரண்டு கட்சி. கண்ணிழந்து நிற்கும் எல்சி ஒரு பக்கம், மரியம்மா மறுபக்கம், நடுவே கண்ணாடி, இரண்டு உள்ளங்கைகள். அழுதேன் என்றார்கள் சிலர். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். ஆனால் மென்பொருள் தம்பி சொன்னது மனதில் நிற்கிறது: “கதவு பக்கத்துலயே இருக்கு சார். அவர் வேணும்னேதான் திறக்கல. திறந்திருந்தா அந்தப் பொண்ணு ஏதாவது கேட்டிருக்கும்.” உண்மைதான். எழுநூறு பக்கத்துக்கு மேல் காத்திருந்த சந்திப்பில் வர்கீஸ் பேச்சைக் கழித்துவிட்டார். சந்திப்புகளில் கட்டிப்பிடிப்பது சுலபம், அதற்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமைதான் கஷ்டம். ‘என் பூப்பு நீராட்டுக்கு நீ எங்கிருந்தாய்’ என்று மகள் கேட்கும் அந்த நாளை எழுத இன்னொரு நூறு பக்கம் வேண்டும். அவர் எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன்.

எழுந்திருக்கும் நேரத்தில் ஒன்று உறைத்தது. இரண்டரை மணி நேரமாக எல்சியை நிற்கவைத்து விசாரித்திருக்கிறோம். ஒருவர்கூட டிக்பியைக் கூண்டில் ஏற்றவில்லை. அவருக்கு நோய் இல்லை. ஊர் அவரைத் தள்ளிவைக்கவில்லை. டாக்டர் என்பதால் எந்த வாசலிலும் மரியாதையோடு போய் நிற்கலாம். மகள் உயிரோடு இருப்பதும், அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதும் தெரியும். எல்சிக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார் என்று அவர் சார்பில் நானே வாதாடிப் பார்த்தேன்.

“வாக்குதான்,” என்றார் செவிலியர் அம்மா, செருப்பைத் தேடிக்கொண்டே. “எங்க வார்டுலயும் அப்படித்தான். பேஷன்ட் காணாம போனா பேஷன்ட்டைத்தான் திட்டுவாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.”